வாய்க்குள் போனதெல்லாம் உடம்புக்குள் போவதில்லை

(கும்மிடிப்பூண்டியில் தொழிலாளர் குடும்பங்களுக்காக நடந்த உடல்நலக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



செரிமானத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படம் வரைந்து பாகம் குறித்த பாடம்தான். ஆனால் அந்தப் படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டாத செய்தி ஒன்று உண்டு. வாயில் தொடங்கி மலவாயில் முடிகிற அந்த நீளக் குழாயின் உட்புறம் உண்மையில் உடம்புக்கு வெளியே இருக்கிறது. குழந்தை புளியங்கொட்டையை விழுங்கிவிட்டால் வீட்டில் அமளிப்படும். இரண்டொரு நாளில் கொட்டை அப்படியே வெளியே வந்துவிடும். அது உடம்புக்குள் போகவே இல்லை. உடம்பைக் கடந்து போயிற்று, அவ்வளவுதான். நீங்கள் மத்தியானம் சாப்பிட்ட பிரியாணியும் அந்தக் கணக்கில் புளியங்கொட்டைதான், சிறுகுடலின் சுவரைத் தாண்டும் வரைக்கும்.

இன்றைக்கு அந்தச் சுவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதில் வாசல்கள் இருக்கின்றன. சோற்றுக்கு ஒன்று, உப்புக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று என்று தனித்தனி வாசல். எதை எவ்வளவு உள்ளே விடுவது என்பது எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கூட என்ன வந்தது, எந்த நேரத்தில் வந்தது, வயிறு காலியா நிறைந்ததா, குடிக்கிற தண்ணீர் எப்படி என்பதையெல்லாம் பொறுத்து மாறும். அதனால் குடலைப் பற்றிச் சென்னையில் ஒரு விதமாகவும் சிப்காட் வாசலில் வேறு விதமாகவும்தான் பேச வேண்டியிருக்கிறது.

சுவருக்கு முன்னால் இருப்பதைச் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். உமிழ்நீர் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்குகிறது. கம்பெனி பஸ் வந்துவிடும் என்று நாலு இட்லியை மூன்று நிமிடத்தில் உள்ளே தள்ளுகிறவருக்கு அந்த வேலை அரைகுறையாகத்தான் நடக்கும். பெரிய நஷ்டமில்லை, கணையம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்று சொன்னவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. நூறு வயதுக்கு மெல்லுவது மட்டும் போதாது என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்தது இரைப்பை. அதன் வேலை என்ன என்பதை உலகம் தெரிந்துகொண்டதே ஒரு கூலித் தொழிலாளியால்தான். 1822இல் வட அமெரிக்காவில் மெக்கினா தீவில், தோல் வியாபாரக் கம்பெனியில் வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவர் மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைத்துக்கொண்டார். ஆனால் காயம் மூடாமல், வயிற்றுப் பக்கத்தில் இரைப்பைக்குள் திறக்கும் ஓட்டையாக நின்றுவிட்டது. வைத்தியம் பார்த்த ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே விடுவார், மணிக்கணக்கு பார்த்து வெளியே இழுத்து எவ்வளவு கரைந்தது என்று எழுதிவைப்பார். 1833இல் அது புத்தகமாக வந்தது. புகழ் மருத்துவருக்குப் போயிற்று. மார்ட்டினோ அவர் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டு, நடுவே ஆராய்ச்சிக்கும் வயிற்றைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதை இந்தக் கூட்டத்தில் சொல்லாமல் எந்தக் கூட்டத்தில் சொல்வது?

இரைப்பை அமிலம் கிருமியைக் கொல்லும், புரதத்தைப் பிரிக்கும், எல்லாவற்றையும் கூழாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும். அங்கே உடம்பில் சேர்வது மிகக் குறைவு. டாஸ்மாக் சரக்கு ஓரளவு விதிவிலக்கு. அதுவும் வெறும் வயிற்றில் சீக்கிரம் தலைக்கேறுவது, தங்காமல் நேரே சிறுகுடலுக்கு இறங்கிவிடுவதால்தான்.

இனிச் சிறுகுடல். ஏறக்குறைய ஆறு மீட்டர் நீளம். உள்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பின் மேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் குடலுறிஞ்சிகள் மொய்த்திருக்கும். ஒவ்வோர் உறிஞ்சியின் மேலிருக்கும் செல்லுக்கும் அதைவிட நுண்ணிய மயிர்போன்ற விளிம்பு உண்டு. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் எழுதிவந்தன. 2014இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் இருவர் மறுபடி அளந்து பார்த்து, அவ்வளவெல்லாம் இல்லை, ஏறக்குறைய 30 சதுர மீட்டர் என்றார்கள். நம் கணக்கில் 320 சதுர அடி. நம்மில் பலர் வாடகைக்கு இருக்கிற போர்ஷன் அவ்வளவுதான் இருக்கும். அதற்குள் குடும்பமே நடக்கிறது. அந்தச் சுவரின் செல்கள் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. போன வாரம் இருந்த குடல் சுவர் இன்று உங்களிடம் இல்லை. சுவர் கெட்டுப்போனாலும் சரியாக வாய்ப்பு உண்டு என்பதற்கு அதுதான் காரணம். அந்த வாய்ப்பை நாம் கொடுக்கிறோமா என்பது வேறு.

ஒரு நாளில் இந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்கும் நீர் எவ்வளவு தெரியுமா? நாம் குடிப்பது இரண்டு லிட்டர் என்றால், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர் எல்லாமாக உடம்பே ஊற்றுவது இன்னும் ஏழு லிட்டர். ஆக ஒன்பது. மலத்தோடு வெளியே போவது 200 மில்லிக்கும் குறைவு. மிச்சமெல்லாம் திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது. வயிற்றுப்போக்கில் மனிதன் சாவது இந்தத் திரும்ப இழுக்கிற வேலை தவறிப்போவதால்தான்.

தண்ணீருக்குத் தானாகச் சுவர் ஏறத் தெரியாது. உப்பு போனால் பின்னாலேயே போகும். உப்பிலுள்ள சோடியத்துக்கு ஒரு வாசல் உண்டு. குளுக்கோஸ் கூட வந்தால்தான் அது நன்றாகத் திறக்கும். இதை 1960இல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்கர் பிராக் நகரத்தில் நடந்த மாநாட்டில் விளக்கினார். அதை மனிதர் மேல் பெரிய அளவில் நிரூபித்துக் காட்டியவர் நம் நாட்டுக்காரர். 1971இல் வங்காளதேசப் போரின்போது பங்காவ் அகதி முகாமில் காலரா வந்து ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். ஊசி வழியே ஏற்றும் சலைன் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் நிரப்பி, உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, அவருடைய பார்வையில் இருந்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த வருடம்தான் வந்தது.

ரீ-ரோலிங் மில்லில் ஃபர்னஸ் பக்கம் நிற்கிறவர்களுக்கு இது நேரடியாகச் சம்பந்தப்பட்டது. அந்தச் சூட்டில் கடும் வேலை செய்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை போவது அரிதல்ல, கூடவே உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தால் வயிறுதான் ஊதும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட கஞ்சி, நீர்மோர், கூழ் இவற்றில் சோடியமும் இருக்கிறது, கூட நுழையச் சர்க்கரையும் இருக்கிறது. மாவுச்சத்து குடல் சுவரில் குளுக்கோஸாக உடைந்து, சோடியத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு போகும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் உப்பு அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கதை இதோடு முடியவில்லை, வேலூருக்குப் போகிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராமகிருஷ்ணாவும் சக ஆய்வாளர்களும் 2000இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். காலரா நோயாளிகளுக்குத் தரும் உப்புநீரில் எளிதில் செரிக்காத ஒருவகைச் சோள மாவைச் சேர்த்தபோது வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. செரிக்காத மாவு எப்படி உதவும்? அது சிறுகுடலைத் தாண்டிப் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கிருக்கும் நுண்ணுயிர்கள் அதைப் புளிக்கவைத்துச் சிறு கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அந்த அமிலங்களை உறிஞ்சும்போது பெருங்குடல் சோடியத்தையும் நீரையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. நாம் கழிவு அறை என்று ஒதுக்கிவைத்திருந்த பெருங்குடலுக்கும் உறிஞ்சும் வேலை உண்டு என்று ஆயிற்று.

சோறு ஆறி இரவு முழுக்கக் கிடந்தால் அதன் மாவில் ஒரு பகுதி இப்படிச் செரிக்காத மாவாக மாறுகிறது. பழைய சோற்றின் பெருமையில் உண்மையான பகுதி இதுவும், புளிக்கும்போது வளரும் நுண்ணுயிர்களும். நம் பக்கத்து ஜனங்கள் பெரிய வியாதிக்கு ரயிலேறிப் போகிற ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலேயே குடல் அழற்சி நோயாளிகளுக்குப் பழைய சோறு எப்படி உதவுகிறது என்று ஆராய்ச்சி நடந்திருக்கிறது. ஆனால் பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு கூடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதை நம்பாதீர்கள். இரும்பு ஒரு தனிமம். எந்த நுண்ணுயிராலும் அதை உண்டாக்க முடியாது. பானையில் நேற்று எவ்வளவு இருந்ததோ, இன்றும் அவ்வளவுதான். புளிப்பால் நடப்பது வேறு: தானியத்தில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் பைட்டேட் என்ற பொருள் சிதைந்து, இருக்கிற இரும்பு வாசல் வரை வரக்கூடியதாக ஆகிறது. அளவு கூடவில்லை, சேர்வது கூடுகிறது. இந்த வித்தியாசத்தைத்தான் நான் சாயங்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலூர் ஆராய்ச்சி என்றால் இதற்கு முன்னாலேயே ஒரு பெரிய அத்தியாயம் உண்டு. 1960களின் தொடக்கத்தில் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துக் கிராமங்களில் ஒரு வயிற்றுப்போக்கு பரவியது. காலரா மாதிரி ஓரிரு நாளில் முடிவதில்லை, மாதக்கணக்கில் நீண்டது. சாப்பிட்டது ஒட்டாமல் ஆட்கள் உருகிப்போனார்கள், இரத்தம் குறைந்தது, நாக்கு புண்ணாயிற்று. செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் கிராமம் கிராமமாகப் போய் ஆராய்ந்தார்கள். வெப்பமண்டல ஸ்ப்ரூ என்று அதற்குப் பெயர். கொழுப்பு, பி12, ஃபோலேட் எல்லாம் குடல் சுவரைத் தாண்டாமல் வெளியே போய்க்கொண்டிருந்தன. நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்காமல், ஒரு கோளாறும் இல்லாத ஊர்க்காரர்களின் குடலையும் சோதித்தார்கள். அங்கேதான் ஆச்சரியம். ஆரோக்கியமாக வேலை செய்கிறவர்களுக்கும் குடலுறிஞ்சிகள் மேல்நாட்டாரைவிடக் குட்டையாக, மழுங்கி இருந்தன. உறிஞ்சும் திறனும் கொஞ்சம் குறைவு.

இது இனத்தின் குணமா, இடத்தின் குணமா? இதற்கு 1971இல் நியூயார்க்கிலிருந்து பதில் கிடைத்தது. அங்கே குடியேறிய இந்தியர்களையும் பாகிஸ்தானியர்களையும் சோதித்தபோது, தங்கிய காலம் கூடக் கூடக் குடல் தேறிவந்தது தெரிந்தது. ஆக, குறை நம் பிறப்பில் இல்லை. குடிக்கும் தண்ணீரிலும் கழிப்பிடத்திலும் சுற்றுப்புறத்திலும் இருந்து தினம் தினம் வாய்வழி போகும் கிருமிகள் அந்தச் சுவரைத் தேய்த்துக்கொண்டே இருக்கின்றன. அப்படி இருக்கும்போது ஒரு பிள்ளைக்கு முட்டை கொடுத்தாலும் பால் கொடுத்தாலும் முழுப் பலன் கிடைக்காது. நம் மாவட்டத்தில் 1944இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கத்தின் தண்ணீர் சென்னைக்குப் போகிறது. நம்மில் பாதிப்பேர் கேன் தண்ணீர் வாங்குகிறோம். பக்கத்து ஷெட்டில் ஒரே அறையில் பத்துப்பேராகத் தங்கியிருக்கும் ஒடிசா, பீகார் பிள்ளைகள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. சத்துணவைப் பற்றிப் பேசுகிற மேடைகளில் கழிவுநீர்க் கால்வாயைப் பற்றியும் பேச வேண்டும் என்பேன். இரண்டும் ஒரே துறைக்குள் வராததால் யாரும் பேசுவதில்லை.

வேலூர்க்காரர்கள் இன்னொன்றும் கண்டார்கள். பி12 வைட்டமின் மீன், இறைச்சி, முட்டை, பால் இவற்றிலிருந்துதான் கிடைக்கும். இரைப்பை சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்து, சிறுகுடலின் கடைசிப் பகுதிவரை கூட்டிப்போக வேண்டும்; அங்கேதான் அதன் வாசல். பெருங்குடல் நுண்ணுயிர்கள் பி12 தயாரிக்கின்றன, ஆனால் வாசலைத் தாண்டிய பிறகு தயாரித்து என்ன பயன்? ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் மூவரும் 1980இல் நேச்சர் இதழில் எழுதினார்கள்: தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே வாழும் சில நுண்ணுயிர்கள் பி12 தயாரிக்கின்றன. வாசலுக்கு முன்னாலேயே. மரக்கறி மட்டும் சாப்பிடுகிற எல்லோருக்கும் இரத்தசோகை வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். இதைக் கேட்டுவிட்டுச் சைவர்கள் நிம்மதியாகத் தூங்கிவிட வேண்டாம். இந்த உதவி எல்லோருக்கும் போதுமான அளவில் கிடைப்பதில்லை. கை கால் மரத்துப்போகிறது, நாக்கு எரிகிறது என்றால் பி12 பார்த்துவிடுவது நல்லது.

இனி இரும்புக்கு வருகிறேன். டன் கணக்கில் கம்பி உருட்டும் ஊர் இது. மாதவிலக்கு வருகிற வயதிலுள்ள பெண்ணுக்கு ஒரு நாளில் குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகவேண்டிய இரும்பு சுமார் ஒன்றரை மில்லிகிராம். அது போகாமல்தான் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகையோடு இருக்கிறார்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. தட்டில் இரும்பே இல்லையா என்றால், இருக்கிறது. கீரையில், பருப்பில், கேழ்வரகில் இருக்கும் இரும்பில் நூற்றுக்கு ஐந்தோ பத்தோதான் உள்ளே போகிறது. மீன், இறைச்சியிலுள்ள இரத்த இரும்பு வேறு வழியாக நுழைகிறது. அதில் கால் பங்கு அளவுக்குச் சேரும்.

நம் உடம்பில் மொத்தம் மூன்று, நான்கு கிராம் இரும்பு இருக்கிறது. கூடிப்போனால் வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது. ஆகவே கட்டுப்பாடு முழுக்க வாசலில்தான். கையிருப்பு இருந்தால் வாசல் ஒடுங்கும், குறைந்தால் அகலும். இதை நினைவில் வையுங்கள், இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

வாசல் வரை வந்த இரும்பைத் தடுப்பது எது? டீ. 1975இல் தென்னாப்பிரிக்காவில் இதைச் சோதித்தார்கள். ரொட்டி, அரிசிச் சோறும் உருளைக்கிழங்கு-வெங்காய சூப்பும் என்று சாதாரணச் சாப்பாடுகளைக் கொடுத்து, கூடவே டீ கொடுத்தபோது இரும்பு சேர்வது பெரிதும் குறைந்தது. டீயிலுள்ள டானின் இரும்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகிறது. டீயைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? இந்த ஊரில் அப்படிச் சொல்லிவிட்டு ஸ்டேஷன் வரை போகவும் முடியாது. சாப்பாட்டோடும் சாப்பாடு முடிந்த கையோடும் வேண்டாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிற கர்ப்பிணிகளை நிறையப் பார்க்கிறேன். அந்த மாத்திரை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது, டீ நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. காசு கொடுத்தது இலவசத்தைக் கெடுக்கிறது.

உதவுவது எது? எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா; இவற்றின் வைட்டமின் சி இரும்பை வாசலுக்கு ஏற்ற வடிவில் வைத்திருக்கும். கொஞ்சம் மீனோ இறைச்சியோ சேர்ந்தால் அந்தச் சாப்பாட்டிலுள்ள கீரை, தானிய இரும்பும் கூடச் சேரும். நம் பக்கத்தில் ஆடி மாதம் கேழ்வரகு மாவைப் புளிக்கவைத்து, நொய் சேர்த்துக் காய்ச்சிய கூழும், பழவேற்காட்டுக் கருவாட்டுக் குழம்பும் வைக்கிறோமே, அதை யோசித்துப் பாருங்கள். புளிப்பு பைட்டேட்டைச் சிதைக்கிறது. கருவாடு இரும்பை இழுத்துவிடுகிறது, பி12 கொடுக்கிறது. கேழ்வரகு கால்சியம் கொடுக்கிறது, நூறு கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு. இதையெல்லாம் தெரிந்துதான் வைத்தார்கள் என்று சொல்லி முன்னோர் பெருமை பாட எனக்கு விருப்பமில்லை. இருந்ததை வைத்துச் சமைத்தார்கள், நன்றாக அமைந்துவிட்டது. ஆடியில் மட்டும் வைக்காமல் வாரம் இரண்டு நாள் வைத்தால் இன்னும் நல்லது.

கீரை கடையும்போது எண்ணெய் விட்டுத் தாளிப்பதற்கும் இங்கே வேலை உண்டு. வைட்டமின் ஏ, டி, இ, கே நான்கும் கொழுப்போடுதான் போகும். டயட் என்று சொல்லிக்கொண்டு எண்ணெய் இல்லாத கீரை சாப்பிடுகிறவர் அதன் கரோட்டினில் பெரும்பகுதியைக் கழிவாக அனுப்புகிறார்.

இப்போது, நினைவில் வைக்கச் சொன்ன வாசலுக்குத் திரும்புகிறேன். இரும்புக்கு வைத்த வாசலால் ஈயத்தை அடையாளம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரும்பு குறைந்த உடம்பு இரும்புக்காக வாசலை அகலத் திறக்கிறது. பக்கத்தில் ஈயத்தூசி இருந்தால் அதையும் உள்ளே விட்டுவிடுகிறது. கால்சியம் குறைந்தாலும் அப்படித்தான். பழைய பேட்டரியை உடைத்து ஈயம் உருக்கும் வேலையும் இந்தத் தொழிற்பேட்டையில் உண்டு. எல்லாத் தொழிற்சாலையும் அப்படியல்ல, அந்த வேலையில் எல்லோரும் அசட்டையாக இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்த வேலைக்குப் போகிறவர்களும் அவர்கள் துணியைத் துவைக்கிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வளர்ந்தவர் சாப்பாட்டோடு ஈயத்தை விழுங்கினால் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவாகத்தான் சேர்கிறது. வெறும் வயிற்றில் விழுங்கினால் அதைப்போல மூன்று நான்கு மடங்குக்கும் மேல். சிறுபிள்ளைகளுக்கு ஏறக்குறைய பாதி சேர்ந்துவிடுகிறது. காலையில் டீ மட்டும் குடித்துவிட்டு ஷிஃப்டுக்குப் போய், கை கழுவாமல் பீடி பிடிக்கிறவரை எண்ணிப் பாருங்கள். வெறும் வயிறு, தூசிக் கை, வாய், எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. உள்ளே போன ஈயம் எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கும். பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும், கூட ஈயமும் இறங்கும்.

அதன் அடையாளமும் பெரும்பாலும் வயிற்றிலேயே தெரியும். விட்டு விட்டு முறுக்கிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், பசியின்மை. கேஸ் என்று சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். இங்கிலாந்தில் டெவன் பகுதியில் வருடா வருடம் ஆப்பிள் சாறு பிழியும் பருவத்தில் இப்படி ஒரு வயிற்றுவலி வந்துகொண்டிருந்தது. பழம் புளிப்பு என்றார்கள், காலநிலை என்றார்கள். பிழியும் செக்கில் ஈயம் இருப்பதை 1767இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் சொன்னார், அதுவும் சொந்த ஊர்க்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டு. அதற்கும் முன்னால் 1700இல் இத்தாலியின் ராமசினி, நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'நீ என்ன வேலை செய்கிறாய்?' என்பதையும் சேர்க்கச் சொல்லி எழுதினார். முந்நூறு வருடம் ஆகியும் பல கிளினிக்குகளில் அந்தக் கேள்வி வருவதில்லை. அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்: 'டாக்டர், நான் ஈயம் உருக்குகிற இடத்தில் வேலை செய்கிறேன்.' 1948 தொழிற்சாலைச் சட்டத்தில், அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய தொழில்நோய்களின் பட்டியலில் முதலாவதாக எழுதப்பட்டிருந்தது ஈயநச்சுதான். ஈயவேலை நடக்கும் கூடத்தில் சாப்பாடு, வெற்றிலை, புகையிலை எதுவும் கூடாது என்பதும் விதிதான்.

வீட்டு விஷயம் ஒன்று. வேலைத்துணியைத் தனியாகத் துவையுங்கள், குளித்துவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். பிள்ளையை வெறும் வயிற்றோடு பள்ளிக்கு அனுப்பாதீர்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தைப் படிப்பு ஏறும், வருகை கூடும் என்று பாராட்டுகிறார்கள், சரிதான். இந்த மாதிரி ஊரில் அதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது என்பது என் எண்ணம். காலை எட்டு மணிக்கே வயிற்றில் உப்புமாவோ பொங்கலோ இருக்கிற பிள்ளை, அன்று பகலில் விளையாடிக்கொண்டே விழுங்கும் தூசியிலிருந்து குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக ஷிஃப்ட். குடலுக்கும் கடிகாரம் உண்டு. இராத்திரியில் இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும், இன்சுலின் பகலில் வேலை செய்கிற மாதிரி செய்யாது, பெருங்குடல் தூங்கிவிடும். அதே நேரத்தில் காலி வயிற்றில் அமிலம் சுரப்பது பின்மாலைக்கு மேல்தான் அதிகம். நைட் ஷிஃப்ட் பார்க்கிறவருக்கு நெஞ்செரிச்சலும் மலச்சிக்கலும் வருவதற்கு அவர் சோம்பேறித்தனமோ காரமோ மட்டும் காரணமில்லை. 2021இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் ஆட்களை இராத்திரி விழிக்கவைத்துப் பார்த்தார்கள். இராத்திரியும் சாப்பிட்டவர்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறியது. விழித்திருந்தாலும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை. ஆகவே பத்து மணி ஷிஃப்டுக்குப் போகிறவர் எட்டு மணிக்கு வீட்டிலேயே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். இரண்டு மணிக்குக் கேன்டீனில் பரோட்டாவும் சால்னாவும் வேண்டாம். இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், மோர் போதும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் இடைவெளியின்றி வேலை வாங்கக் கூடாது, 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்று 1948 சட்டம் எழுதிவைத்தது. கேன்டீனில் நடு இரவுக்கு என்ன சமைக்க வேண்டும் என்று அது எழுதவில்லை. அதை நிர்வாகத்திடம் கேட்டு வாங்குவது தொழிற்சங்கத்துக்கு முடியாத காரியமா?

(உரை முடிந்ததும் கேள்விகள் வந்தன. அவற்றில் ஒன்று மட்டும் இங்கே.)

'ஐயா, எங்க கம்பெனியில தூசிக்கு வெல்லமும் வாழைப்பழமும் கொடுக்கறாங்க. தூசியெல்லாம் வயித்துல இறங்கி வெளிய போயிடும்னு சொல்றாங்க. நிஜமா?'

பாதி நிஜம், அண்ணே. மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் படிகிற பெரிய தூசி சளியோடு மேலே ஏறி, நமக்குத் தெரியாமலே விழுங்கப்படுகிறது. வயிற்றுக்குப் போவது உண்மை. மணல் தூசியாக இருந்தால் மலத்தோடு போய்விடும், வெல்லம் தின்றாலும் தின்னாவிட்டாலும். ஈயத்தூசியாக இருந்தால் போகாது. நான் இவ்வளவு நேரம் சொன்ன வாசல் வழியே உள்ளே போகும். நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போன நுண்தூசிக்கு வெல்லம் போய்ச் சேரவே வழியில்லை. வயிறு காலியாக இல்லாமல் பார்த்துக்கொள்வதால் பழம் கொஞ்சம் உதவும். பால் கொடுத்தால் கால்சியம் இருப்பதால் இன்னும் கொஞ்சம் உதவும். ஆனால் முகக்கவசமும், தூசி உறிஞ்சும் மெஷினும், கை கழுவச் சோப்பும் கொடுப்பதற்குப் பதிலாக வெல்லம் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டு வாயை மூடாதீர்கள். மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் குடித்துப் பேதியானாலும் இரத்தத்தில் ஏறியது இறங்காது. ஈயவேலை செய்கிறவர் என்றால் ஈஎஸ்ஐ மருந்தகத்தில் சொல்லி, இரத்தத்தில் ஈய அளவைப் பரிசோதிக்கக் கேளுங்கள். சீட்டு எழுதும்போது வேலையின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் அதன் நகலை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்; அடுத்த வருடம் எடுக்கும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.